பழைய காரில் டைமிங் பெல்ட் மாற்றுதல்: உதிரிபாகம் தேடுவது முதல் எஞ்சினை இயக்கிப் பார்ப்பது வரை

பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய காரில் டைமிங் பெல்ட் மாற்ற நினைப்பவர், முதல் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு காரியங்களை முடித்திருக்க வேண்டும். அந்த எஞ்சினுக்குரிய பழுதுபார்ப்புக் கையேடு கையில் இருக்க வேண்டும். மாற்ற வேண்டிய ஒவ்வொரு உதிரிபாகமும், சரியானதுதானா என்று சோதிக்கப்பட்டு, மேசை மீது இருக்க வேண்டும். புதிய காருக்கு ஒரு பாகம் குறைந்தால் மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். பழைய காரிலோ, பாதி பிரித்த எஞ்சினுடன், எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஓர் ஆயில் சீலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பு பொறுமையைக் குலைத்து, "பழையதையே மாட்டிவிடலாம்" என்ற முடிவுக்குத் தள்ளும். பெல்ட் வேலைகள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் அந்த முடிவே காரணம் என்பது என் கருத்து. அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதியை உதிரிபாகத் தேடலுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பெல்ட் செய்யும் வேலையும் அதன் ஆயுளும்

நான்கு வீச்சு எஞ்சினில், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு முறை சுற்ற வேண்டும். அந்த விகிதம் மாறாமல் இருக்கவே, கிராங்கின் பற்சக்கரத்தைப் போல இரு மடங்கு பற்கள் கேமின் பற்சக்கரத்தில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட். 1962இல் உற்பத்திக்கு வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார்தான் இதை முதலில் பயன்படுத்தியது. 1966இல் ஃபியட் 124 ஸ்போர்ட்டின் எஞ்சினும் பொன்டியாக்கின் ஆறு சிலிண்டர் எஞ்சினும் இதே வழியைப் பின்பற்றின. இதே வேலைக்கு வேறு எஞ்சின்களில் உள்ள சங்கிலியைவிட இது சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

பெல்ட்டின் வலிமை ரப்பரில் இல்லை. அதற்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகளில் இருக்கிறது. பற்களின் மேல் நைலான் துணி ஒட்டப்பட்டிருக்கும். தொடக்க காலப் பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பரால் ஆனவை. பின்னர் வெப்பத்தையும் எண்ணெயையும் கூடுதலாகத் தாங்கும் எச்.என்.பி.ஆர். ரப்பர் வழக்கத்துக்கு வந்தது. இந்த மாற்றத்தால் ஒரு புதிய சிக்கலும் உண்டானது. நியோப்ரீன் பெல்ட் முதிரும்போது முதுகில் வெடிப்புகள் தெரியும்; எச்.என்.பி.ஆர். பெல்ட்டோ உள்ளே இழைகள் நைந்த பிறகும் வெளியில் புதியது போலவே இருக்கக்கூடும். ஆகவே மூடியைத் திறந்து பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிடுவது சோதனை ஆகாது.

மாற்ற வேண்டிய இடைவெளி கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு கணக்கிலும் தரப்பட்டிருக்கும். எது முதலில் முடிகிறதோ அதுவே எல்லை. பழைய எஞ்சின்களில் இது பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை அமைந்திருக்கும். குறைவாக ஓடும் பழைய கார்களுக்கு ஆண்டுக் கணக்குத்தான் முக்கியம், ஏனெனில் கார் நின்றுகொண்டிருந்தாலும் ரப்பர் முதிர்கிறது. கார் கைமாறி வந்து, கடைசியாக எப்போது பெல்ட் மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினின் வடிவமைப்பைப் பொறுத்தது. சில எஞ்சின்களில், வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தாலும் இரண்டும் தொடாத அளவுக்கு இடம் உண்டு. டொயோட்டாவின் 4ஏ-எஃப்இ, மஸ்டா எம்எக்ஸ்-5இன் தொடக்க கால 1.6 லிட்டர் எஞ்சின் ஆகியவை இந்த வகை. பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், அவ்வளவே. மற்றவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. பெல்ட் அறுந்ததும் அவை மோதி, வால்வுகள் வளைந்து, சில சமயம் பிஸ்டனும் சேதமாகும். பெல்ட் கொண்ட டீசல் எஞ்சின்கள் ஏறத்தாழ அனைத்தும் மோதும் வகைதான். ஹோண்டாவின் பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களும் அப்படியே. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை, மோதும் வகை என்றே கருதி வேலை செய்யுங்கள்.

காரின் பெயரைக் கொண்டு பாகம் வாங்காதீர்கள்

ஒரே பெயரும் ஒரே ஆண்டும் கொண்ட இரண்டு கார்களில் வெவ்வேறு எஞ்சின்கள் இருப்பது சாதாரணம். விற்பனை ஆண்டு வேறு, தயாரிப்பு மாதம் வேறு. ஆண்டின் நடுவே, பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரின் வடிவமோ பெல்ட்டின் அகலமோ மாறியிருக்கலாம். பழைய காரில் இன்னொரு சாத்தியமும் உண்டு: முன்பிருந்த உரிமையாளர் யாரேனும் எஞ்சினையே மாற்றியிருக்கலாம். அதனால் அடையாளத்தை இந்த வரிசையில் தேடுவது நல்லது.

முதலில் வாகன அடையாள எண். 1981 முதல் அமெரிக்காவில் 17 இலக்க வடிவம் கட்டாயமானது. பின்னர் உலகின் பெரும்பகுதி அதே வடிவத்தைப் பின்பற்றியது. இதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது; தேய்ந்த தகட்டில் வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம்தான், எழுத்தல்ல. அதற்கும் முந்தைய கார்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் சேசிஸ் எண் மட்டுமே இருக்கும். அடுத்தது, எஞ்சின் பிளாக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் எஞ்சின் குறியீடும் எண்ணும். அழுக்கைச் சுரண்டித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாகன எண் ஒன்றைச் சொல்ல, எஞ்சின் குறியீடு வேறொன்றைச் சொன்னால், எஞ்சின் சொல்வதையே நம்ப வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா என்பதும் தெளிவாகிவிடும். பெல்ட்டுக்கு மேல் எளிதில் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் அல்லது மெல்லிய தகட்டு மூடி இருக்கும். சங்கிலிக்கு மேல் எண்ணெய் கசியாதபடி கேஸ்கெட் வைத்து இறுக்கிய உலோக மூடி இருக்கும்.

மூன்றாவது சான்று, இப்போது மாட்டியிருக்கும் பெல்ட். மேல் மூடியை மட்டும் கழற்றினால் அதன் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பல சமயம் படிக்க முடியும். எண் அழிந்திருந்தாலும் பெல்ட்டை நான்கு அளவுகளால் அடையாளம் காணலாம்: பற்களின் எண்ணிக்கை, அகலம், ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரையுள்ள இடைவெளி, பல்லின் வடிவம். இடைவெளி பழைய கார்களில் பெரும்பாலும் 9.525 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு; பிற்கால எஞ்சின்கள் பலவற்றில் 8 மில்லிமீட்டர். எண்ணிக்கையை இடைவெளியால் பெருக்கினால் நீளம் வரும். 100 பற்களும் 9.525 இடைவெளியும் கொண்ட பெல்ட்டின் நீளம் 952.5 மில்லிமீட்டர். பல்லின் வடிவத்தில் தொடக்க காலத்துச் சரிவகப் பல், பின்னர் வந்த வளைவுப் பல் என இருவகை உண்டு. நீளமும் அகலமும் ஒத்திருந்து பல்லின் வடிவம் மட்டும் மாறியிருந்தால், பெல்ட் பற்சக்கரத்தில் உட்காருவது போலத் தோன்றும், ஆனால் வெகு விரைவில் தேய்ந்துவிடும். இப்படி அளந்து அறிவது உறுதிப்படுத்திக்கொள்ள மட்டுமே. முன்பு மாட்டியவர் தவறான பெல்ட்டை மாட்டியிருக்கவும் கூடும் என்பதால், பாகப் பட்டியலுடன் ஒப்பிடாமல் அளவை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

எவற்றையெல்லாம் வாங்க வேண்டும்

பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. அது சுற்றிச்செல்லும் டென்ஷனர், அதன் பாதையை வழிநடத்தும் ஐட்லர் புல்லி ஆகியவற்றின் பேரிங்குகளும் அதே தொலைவு ஓடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று இறுகி நின்றால் புதிய பெல்ட்டும் அறுந்துபோகும். வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட்டே சுழற்றும் எஞ்சினாக இருந்தால் பம்ப்பையும் மாற்றுங்கள், ஏனெனில் பிறகு அது கசிந்தால் இதே வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கிராங்கின் முன்பக்க ஆயில் சீல், கேம் ஷாஃப்ட் சீல், இடைத்தண்டு அல்லது ஆயில் பம்ப் சீல் இருந்தால் அவையும், ஆல்டர்னேட்டர் முதலியவற்றைச் சுழற்றும் வெளிப்புறப் பெல்ட்டுகளும், கூலன்ட்டும் பட்டியலில் சேரும். கையேட்டில் "ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கது" என்று குறிக்கப்பட்ட போல்ட்டுகளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நீட்சி அடைந்து இறுகும் வகைக் கிராங்க் போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்துவது, பெல்ட்டைத் திரும்பப் பயன்படுத்துவதற்கு ஒப்பான தவறு.

பழைய எஞ்சின்களுக்கும் முழுத் தொகுப்பாக விற்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. கேட்ஸ், கான்டிடெக், டேக்கோ ஆகியவையும் ஜப்பானிய எஞ்சின்களுக்குப் பாண்டோ, மிட்சுபோஷி ஆகியவையும் பெல்ட்டுக்கு நம்பத்தக்க பெயர்கள். பேரிங்குக்கு ஐஎன்ஏ, எஸ்கேஎஃப், என்எஸ்கே, என்டிஎன், கோயோ. வாட்டர் பம்ப்புக்கு ஐசின், ஜிஎம்பி. கார் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் தயாரிப்புதான். ஆகவே நிறுவனப் பெட்டி கிடைக்கவில்லை என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

தொகுப்பு கிடைக்காதபோது தேடுவது எப்படி

முதல் கருவி, பாக எண். கார் நிறுவனங்கள் ஒரு பாகத்தைத் திருத்தும்போது பழைய எண்ணை நிறுத்திப் புதிய எண்ணை வெளியிடுகின்றன. "இந்த எண் இப்போது இல்லை" என்று விற்பனையாளர் சொன்னால், அதற்கு மாற்றாக வந்த எண் எது என்று கேளுங்கள். சில சமயம் மூன்று நான்கு எண்கள் தாண்டி, இன்னும் விற்பனையில் இருக்கும் ஒன்றில் அந்தத் தொடர் முடியும். பெல்ட் தயாரிப்பாளர்களின் பட்டியல்களிலும் கார் நிறுவன எண்ணுக்கு ஈடான தங்கள் எண் எது என்ற ஒப்பீடு இருக்கும். இரண்டு தனித்தனித் தயாரிப்பாளர்களின் ஒப்பீடு ஒரே முடிவைக் காட்டினால் அதை நம்பலாம். ஒருவர் மட்டும் காட்டினால் பற்களின் எண்ணிக்கையையும் அகலத்தையும் கேட்டுச் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இரண்டாவது வழி, காரை மறந்து எஞ்சினைத் தேடுவது. சுசூகியின் மூன்று சிலிண்டர் ஜி10 எஞ்சின் செவ்ரோலே ஸ்பிரின்ட், ஜியோ மெட்ரோ, பொன்டியாக் ஃபயர்ஃப்ளை என்ற பெயர்களிலும் ஓடியது. ஃபோக்ஸ்வாகனின் இஏ827 குடும்ப எஞ்சின்கள் ஆவுடி, சீட் நிறுவனங்களின் கார்களிலும் இருந்தன. மிட்சுபிஷியின் 4ஜி63, 4ஜி64 எஞ்சின்கள் கார்களில் மட்டுமல்லாமல் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும் பொருத்தப்பட்டன. தொழிற்சாலை வண்டிகளைக் கார்களைவிட நெடுங்காலம் பராமரிக்கிறார்கள். அதனால் கார் கடையில் இல்லாத பாகம் தொழிற்சாலை எந்திரப் பாகங்கள் விற்பவரிடம் கிடைப்பது உண்டு. இப்படி வாங்கும்போது பெல்ட்டின் பாதையும் டென்ஷனரின் பொருத்துமிடமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று படத்தை வைத்து ஒப்பிட வேண்டும். எஞ்சின் பிளாக் ஒன்றாக இருந்தும் பம்ப்பின் விசிறிப் பக்கம் மாறுவது சகஜம்.

மூன்றாவது வழி, பாகத்தையே உடைத்துப் பார்ப்பது, அதாவது அது எவற்றால் ஆனது என்று பார்ப்பது. ஆயில் சீலுக்குக் காரின் பெயர் தேவையே இல்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் சீலின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். அந்த அளவைச் சொல்லி, சீல் விற்பவரிடம் வாங்கலாம். சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட வைட்டான் எனப்படும் எஃப்கேஎம் ரப்பர் வெப்பத்தை மிக நன்றாகத் தாங்கும் என்பதால், கிடைத்தால் அதையே கேளுங்கள். சில சீல்களில் எண்ணெயை உள்ளே தள்ளுவதற்கான சாய்வரிகள் இருக்கும். அவற்றுக்கான சுழற்சித் திசை அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும், அது உங்கள் எஞ்சினின் திசையோடு பொருந்த வேண்டும்.

வெறும் ஐட்லர் புல்லிக்கும் இந்த வழி உதவக்கூடும். புல்லியின் நடுவில் அழுத்திப் பொருத்திய பேரிங்கின் பக்கத்தில் எண் இருக்கும். எடுத்துக்காட்டாக 6203 என்று தொடங்கினால் அது 17 மில்லிமீட்டர் உள்விட்டமும் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 12 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பொது அளவுப் பேரிங். புல்லியின் பரப்பு வழவழப்பாக, கீறலின்றி இருந்தால், அதே அளவில், இருபுறமும் சீல் வைத்த, உயர் வெப்பக் கிரீஸ் கொண்ட நல்ல பேரிங்கைப் பிரஸ் எந்திரத்தால் மாற்றித் தரக்கூடிய லேத் பட்டறையை அணுகலாம். சுத்தியலால் தட்டி ஏற்றினால் பேரிங்கின் பந்துகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். டென்ஷனருக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பேரிங் பெரும்பாலும் தனி அளவு; ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கும்; அது தோற்றால் எஞ்சினே போகும்.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடங்களில் பற்சக்கரம், மூடி, பிராக்கெட், நீட்சி அடையாத வகைப் போல்ட் போன்ற உலோக, பிளாஸ்டிக் பாகங்களைத் தயங்காமல் வாங்கலாம். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், சீல் ஆகிய எதையும் அங்கிருந்து வாங்கக் கூடாது.

பல ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்கப்படாமல் கிடக்கும் பழைய இருப்பு தனிக் கவனம் கோருகிறது. பெட்டி புதிதாக இருப்பதால் உள்ளே இருக்கும் ரப்பரும் புதிது ஆகிவிடாது. பெல்ட்டின் முதுகிலோ உறையிலோ தயாரிப்புத் தேதிக் குறியீடு இருக்கும். அதைப் படித்துக்காட்ட விற்பனையாளர் மறுத்தால் வாங்காதீர்கள். பழைய இருப்பு வாட்டர் பம்ப்பின் சீல் உலர்ந்திருக்கலாம். பேரிங்கின் கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். பம்ப்பின் உடலும் புல்லியும் நல்லவையாக இருந்து, வேறெங்கும் அது கிடைக்காதென்றால், அதை வாங்கிப் பேரிங்கையும் சீலையும் மாற்றிக்கொள்வது நியாயமான வழி.

போலிகளும் உண்டு. அச்சு மங்கலாக இருத்தல், பெட்டியின் எண்ணும் பாகத்தின் எண்ணும் மாறியிருத்தல், பேரிங்கில் தயாரிப்பாளர் பெயர் பொறிக்கப்படாமல் இருத்தல், புல்லியின் விளிம்பில் பிசிறு இருத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். பாகம் வந்ததும் புதிய பெல்ட்டின் பற்களை எண்ணிப் பாருங்கள். அதை மடிக்கவோ, முறுக்கவோ, உள்வெளியாகத் திருப்பவோ கூடாது. கூர்மையாக மடித்தால் கண்ணாடி இழைகள் உள்ளுக்குள் முறியும், வெளியே எதுவும் தெரியாது. ஆணியில் தொங்கவிடாமல், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் படுக்கை நிலையில் வையுங்கள்.

கருவிகளும் தகவல்களும்

முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், கோணம் அளக்கும் தகடு, நீண்ட கைப்பிடி, ஜாக், உறுதியான ஸ்டாண்டுகள், வெள்ளைப் பெயின்ட் பேனா ஆகியவை இன்றியமையாதவை. கேம்களையும் கிராங்கையும் பூட்டும் ஊசிகளோ தகடுகளோ தேவைப்படும் எஞ்சின் என்றால் அவற்றை வாடகைக்காவது எடுக்க வேண்டும். கையேட்டிலிருந்து நான்கு தகவல்களை ஒரு தாளில் எழுதி எஞ்சினுக்கு அருகில் ஒட்டிக்கொள்ளுங்கள்: எஞ்சின் சுழலும் திசை, பற்சக்கரங்களில் உள்ள ஒவ்வொரு டைமிங் குறியும் எதனோடு பொருந்த வேண்டும் என்பது, டென்ஷனரை அமைக்கும் முறை, ஒவ்வொரு போல்ட்டின் முறுக்குவிசை. பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும். ஆனால் ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. இந்தத் தகவல்கள் உங்கள் எஞ்சின் குறியீட்டுக்குக் கிடைக்கவில்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். அந்த எஞ்சினைப் பழகிய மெக்கானிக்கிடம் பாகங்களைக் கொடுத்துச் செய்யச் சொல்வதே சரி.

பிரித்தெடுத்தல்

எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குத் தடை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது. வலப்பக்கமோ இடப்பக்கமோ, பெல்ட் இருக்கும் பக்கத்துச் சக்கரத்தையும் அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் கழற்றுங்கள். வாட்டர் பம்ப் மாற்றுவதாக இருந்தால் கூலன்ட்டை முன்கூட்டியே வடித்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது எளிதாகும், சுழலும்போது ஏற்படும் தடையையும் கை உணரும். வெளிப்புறப் பெல்ட்டுகளைக் கழற்றுங்கள். எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்த கார்களில் ஒரு மவுன்ட் பெல்ட்டின் வழியில் குறுக்கிடும். ஆயில் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் மெல்லத் தாங்கிய பிறகே அந்த மவுன்ட்டை அவிழ்க்க வேண்டும்.

கிராங்க் புல்லியின் போல்ட்தான் இந்த வேலையின் முரட்டு எதிரி. புல்லியைப் பிடித்து நிறுத்தும் கருவியோ, ஃப்ளைவீலைப் பூட்டும் கருவியோ இருந்தால் நல்லது. இல்லையென்றால், கையால் கியர் மாற்றும் காரில் உயர்ந்த கியரைப் போட்டு, இன்னொருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீண்ட கைப்பிடியால் தளர்த்தலாம். டைமிங் பூட்டு ஊசியை இதற்குத் தடையாகப் பயன்படுத்தினால் ஊசி முறியும், அது நுழைந்த துளையும் கெடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சொடுக்கிப் போல்ட்டைத் தளர்த்தும் குறுக்கு வழியைத் தவிருங்கள். கைப்பிடி எகிறி ஆளைத் தாக்கும் அளவுக்கு அதில் விசை உண்டு.

போல்ட் தளர்ந்த பிறகு, அதை மீண்டும் லேசாக இறுக்கிவிட்டு, கிராங்கை அதன் இயல்பான திசையில் சுழற்றி முதல் சிலிண்டரின் மேல்நிலைக்கு, அதாவது அதன் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கிராங்கின் குறி ஒவ்வொரு சுற்றிலும் வரும் என்பதால் அது மட்டும் போதாது. கேமின் குறியும் பொருந்தியிருக்க வேண்டும். பழைய எஞ்சினில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிராங்க் புல்லியின் வெளி வளையம் உள்வட்டத்தோடு ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும்; அந்த ரப்பர் முதிர்ந்து வெளி வளையம் நழுவியிருந்தால், அதன் மீதுள்ள குறி பொய் சொல்லும். ஆகவே புல்லியைக் கழற்றிய பின் கிராங்கின் பற்சக்கரத்திலேயே உள்ள குறியை ஆயில் பம்ப் உறையில் உள்ள குறியோடு பொருத்திப் பாருங்கள். ஐயம் இருந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியாக அளவுமானியை விட்டுப் பிஸ்டனின் உச்சியை நேரடியாகக் கண்டறியலாம்.

எல்லாக் குறிகளும் பொருந்திய நிலையில் பல கோணங்களில் புகைப்படம் எடுங்கள். பழைய பெல்ட்டிலும் பற்சக்கரங்களிலும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் பெயின்ட் குறி இடுங்கள்; இரண்டு குறிகளுக்கு இடையிலுள்ள பற்களை எண்ணி எழுதுங்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுக்கலாம். அதன்பின் கேமையோ கிராங்கையோ தனியாகச் சுழற்றவே கூடாது. கேமை அசைக்க நேர்ந்தால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்கை மேல்நிலையிலிருந்து கால் சுற்று பின்னுக்குத் திருப்பி எல்லாப் பிஸ்டன்களையும் நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, எஞ்சின் சொல்வதைப் பாருங்கள். பெல்ட்டின் பாதையில் எண்ணெய் ஈரம் இருந்தால் எந்தச் சீல் கசிகிறது என்று கண்டுபிடித்த பிறகே மேலே செல்லுங்கள். சீலை எடுக்கும் முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். தண்டின் மீது கீறல் விழாமல் எடுங்கள். புதியதன் உதட்டில் எண்ணெய் தடவி, பொருத்தமான குழாயை வைத்து நேராகத் தள்ளுங்கள். வெள்ளை அல்லது பழுப்பு நிற பிடிஎஃப்இ (டெஃப்லான்) உதடு கொண்ட சீலை மட்டும் எண்ணெயின்றி உலர்ந்த நிலையிலேயே மாட்ட வேண்டும்; மாட்டிய பின் சில மணி நேரம் எஞ்சினை இயக்கக் கூடாது. கிராங்கின் முனையில், பற்சக்கரம் நழுவாமல் பிடிக்கும் சாவி எனப்படும் சிறு உலோகத் துண்டு உட்காரும் பள்ளம் அகன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். 1990ஐ ஒட்டி வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 எஞ்சின்களில் இந்தப் பள்ளம் தேய்ந்து டைமிங்கே கெட்டுப்போவது நன்கு அறியப்பட்ட குறை. எண்ணெயில் ஊறிய பற்சக்கரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். துகள் உலோகத்தால் ஆனவை எண்ணெயை உறிஞ்சி வைத்திருந்து பிறகு புதிய பெல்ட்டின் மேல் கக்கும்.

புதிய பெல்ட்டை மாட்டுதல்

வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் இடத்தில் அமர்ந்து இறுக்கப்பட்ட பிறகு பெல்ட்டுக்கு வாருங்கள். முதுகில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைக் காட்ட வேண்டும். கிராங்கின் பற்சக்கரத்தில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் வழியாகக் கேமுக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்தப் பக்கம் சற்றும் தளர்வின்றி இருக்க வேண்டும். தளர்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கத்தில் சேர வேண்டும். இது ஏன் என்றால், எஞ்சின் ஓடும்போது கிராங்க் இழுக்கும் பக்கம் எது என்பதை டென்ஷனர் மாற்ற முடியாது. அங்கே தளர்வு இருந்தால் டென்ஷனர் அழுத்தியதும் கேம் ஒரு பல் பின்தங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பெல்ட்டை ஏற்றாதீர்கள்.

பழைய எஞ்சின்களில் பெல்ட் வேறு தண்டுகளையும் சுழற்றக்கூடும். இஏ827இல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இடைத்தண்டு சுழற்றுகிறது. அது நகர்ந்தால் வால்வு நேரம் சரியாக இருந்தும் தீப்பொறி நேரம் தவறிவிடும். 4ஜி63இல் அதிர்வைக் குறைக்கும் சமன் தண்டுகளில் ஒன்று ஆயில் பம்ப் பற்சக்கரத்தோடு இணைந்தது. அதன் குறி பொருந்தியிருந்தும் தண்டு தலைகீழாக நிற்க முடியும் என்பதால், பிளாக்கின் பக்கவாட்டு அடைப்பைக் கழற்றி 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்க்ரூடிரைவரை நுழைத்துப் பார்க்க வேண்டும். 60 மில்லிமீட்டர் உள்ளே சென்றால் சரி. பாதியிலேயே தடுத்தால் பற்சக்கரத்தை ஒரு சுற்று திருப்ப வேண்டும். டீசலில் எரிபொருளைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கும் தனிப் பூட்டு ஊசி உண்டு.

இழுவிசை அமைப்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். ஸ்பிரிங் வகையில் பூட்டு போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுக்கவிட்டு, கையேடு சொல்லும் அளவுக்குக் கிராங்கை நகர்த்திய பின் போல்ட்டை இறுக்க வேண்டும். முள் காட்டும் வகையில், குளிர்ந்த எஞ்சினில் முள் தன் பள்ளத்துக்கு நேராக வரும்வரை திருப்ப வேண்டும். ஹைட்ராலிக் வகையின் தண்டை, அதை நிமிர்த்திப் பிடித்து, வைஸில் மிக மெதுவாக அழுத்தி ஊசியால் பூட்டி, மாட்டிய பிறகு ஊசியை உருவ வேண்டும்; அவசரமாக அழுத்தினால் உள்சீல் போய்விடும். பெல்ட்டை விரல்களால் முறுக்கிப் பார்த்து இறுக்கத்தைக் கணிக்கும் வழக்கம் சில பழைய கையேடுகளிலேயே உண்டு. உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் மட்டுமே அதைப் பின்பற்றுங்கள். அதிக இறுக்கம் பம்ப்பின் பேரிங்கைத் தின்னும். தளர்வு பற்களைத் தாவச் செய்யும்.

பூட்டு ஊசிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஸ்பேனரைக் கிராங்க் போல்ட்டில் மாட்டி, இயல்பான திசையில் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றுங்கள். கேம் போல்ட்டைப் பிடித்து எஞ்சினைச் சுழற்றக் கூடாது. நடுவில் இரும்போடு இரும்பு முட்டுவது போலத் தடுத்தால் வலிந்து சுழற்றாமல் நிறுத்தி, குறிகளை மீண்டும் பாருங்கள். வால்வு பிஸ்டனைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு சுற்றுக்குப் பின் பற்சக்கரக் குறிகள் எல்லாம் மீண்டும் பொருந்த வேண்டும். பழைய பெல்ட்டைப் பார்த்துப் புதிய பெல்ட்டின் மேல் பெயின்ட் கோடுகள் இட்டிருந்தால், அவை அப்போது பொருந்தாமல் தள்ளி நிற்கும், அது இயல்பே. பெல்ட்டின் பற்களின் எண்ணிக்கை காரணமாக அவை பல சுற்றுகளுக்குப் பிறகே பழைய இடத்துக்கு வரும். ஒரு பல் தவறியிருந்தாலும் "இவ்வளவுதானே" என்று விடாமல் பிரித்துத் திரும்பப் போடுங்கள். டென்ஷனர் முள்ளையும் இப்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மூடிகள், கிராங்க் புல்லி, மவுன்ட், வெளிப்புறப் பெல்ட்டுகள் எனப் பிரித்த வரிசைக்கு நேர்மாறாக மாட்டுங்கள். கிராங்க் போல்ட்டை முதலில் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கும், கையேடு சொன்னால் அதன்மேல் குறிப்பிட்ட கோணத்துக்கும் இறுக்க வேண்டும். இழைகளுக்கு எண்ணெய் இட வேண்டுமா, உலர்ந்தே இருக்க வேண்டுமா என்பதையும் கையேடு சொல்லும். எண்ணெய் இட்ட போல்ட் அதே முறுக்குவிசையில் கூடுதலாக இறுகும் என்பதால் இது சிறிய வேறுபாடு அல்ல.

இயக்கிப் பார்த்தல்

கூலன்ட்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கருவி எதுவும் எஞ்சின் அறையில் மிஞ்சவில்லை என்று உறுதி செய்த பின் இயக்குங்கள். தொடர்ந்து ஊளையிடும் ஒலி அதிக இறுக்கத்தையும், மூடிக்குள் படபடவென அடிக்கும் ஒலி தளர்வையும் காட்டும். இரண்டிலும் உடனே நிறுத்த வேண்டும். நடுக்கத்துடன் ஓடி, இழுவை குறைந்திருந்தால் ஒரு பல் தவறியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சினில் தீப்பொறி நேரத்தை ஸ்ட்ரோப் விளக்கால் சரிபாருங்கள். எஞ்சின் சூடாகிக் குளிர்ந்த பின் கூலன்ட் மட்டத்தையும், சில நாள் ஓட்டத்துக்குப் பின் சீல்களையும் பம்ப்பின் கசிவுத் துளையையும் பார்க்க வேண்டும். சில பழைய எஞ்சின்களின் கையேடு, குறிப்பிட்ட தொலைவு ஓடிய பின் இறுக்கத்தை மீண்டும் அமைக்கச் சொல்லும்; தானியங்கி டென்ஷனர் உள்ளவற்றில் அது தேவையில்லை.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், மாட்டிய ஒவ்வொரு பாகத்தின் தயாரிப்பாளர், எண் ஆகியவற்றை எழுதி, ஒரு படியைக் காரின் ஆவணங்களோடும் இன்னொன்றை மூடியின் மேல் ஒட்டுத்தாளாகவும் வையுங்கள். கழற்றிய பெல்ட்டை அவசரத்துக்கென்று பத்திரப்படுத்த வேண்டாம். அதன் எண்ணையும் அளவுகளையும் குறித்த பின் வெட்டிப் போட்டுவிடுங்கள். அடுத்த முறைக்காக இப்போதே எதையேனும் வாங்கி வைக்க விரும்பினால், முதிரக்கூடிய பெல்ட்டையும் சீலையும் விட்டுவிட்டு, பற்சக்கரம், டென்ஷனர் பிராக்கெட், மூடி, கிராங்க் போல்ட் போன்ற உலோக, பிளாஸ்டிக் பாகங்களைச் சேர்த்து வையுங்கள். உங்கள் எஞ்சின் வகை அருகிவரும்போது சந்தையிலிருந்து முதலில் மறைபவை அவைதான்.